மெருகுக்கு நாள் குறித்தல்

கலியாணத்துக்கு நாள் குறித்த வீடுகளில், பந்தற்கால் நடுவதற்கும் முந்திய காரியம் ஒன்று முன்பெல்லாம் உண்டு. பரண்மேல் கிடக்கும் பித்தளைத் தவலைகளையும் அண்டாக்களையும் இறக்கி, ஈயம் பூசுகிறவரிடம் ஒப்புவித்து, அவர் துருத்தியும் கரியும் நவச்சாரமும் கொண்டு ஒவ்வொன்றாகப் பூசித் திருப்பித் தரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். பூசுகிற வேலை, பாத்திரம் ஒன்றுக்குச் சிறிது நேரந்தான். ஆனால் முகூர்த்த மாதத்தில் ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் அவரையே தேடுமாகையால், நம் பாத்திரம் வந்துசேரும் நாளை நிர்ணயிப்பது அவருடைய கை வேகமன்று. நமக்கு முன்பே அவர் வாசலில் அடுக்கிக் கிடக்கும் பாத்திரங்களின் தொகையே. இந்த உண்மையை அறிந்த பாட்டிமார், சமையற்காரருக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னால் ஈயம் பூசுகிறவருக்குச் சொல்லியனுப்பினார்கள். கடைசியில் நடக்கவேண்டிய காரியத்தின் நாளை முதலில் குறிக்கும் அந்த விவேகத்தை, இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பட்டறைகளில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் முற்றிலும் வேறான ஓர் உலோகத்தைக் கொண்டு, வேறான ஒரு முகூர்த்தத்துக்காகக் கற்றுக்கொள்வதைப் பற்றியே இக்கட்டுரை.

டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸின் துணையோடு அது 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மாஞ்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களை வைத்து நடத்திய ரோபோப் போட்டி, இன்று பல தேசங்களிலிருந்தும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் கலந்துகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. ஜனவரியின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று அவ்வாண்டின் ஆட்டம் இன்னதென்று எல்லாக் குழுக்களுக்கும் ஒரே சமயத்தில் அறிவிக்கப்படும்; அதற்குமுன் அறுத்துச் செதுக்கிய பாகங்களை, சில விலக்குகள் நீங்கலாக, போட்டி ரோபோவில் பொருத்த விதி இடங்கொடாது. அறிவித்த நாளிலிருந்து கட்டி முடிக்கவேண்டிய நாள்வரை உள்ள இடைவெளி, நெடுங்காலம் ஆறு வாரமும் சில நாளுமாக இருந்தது. 2019ஆம் ஆண்டில் ஆட்டம் வெளியானது ஜனவரி 5. ரோபோவைப் பெரிய பையிலிட்டு முத்திரையிட வேண்டிய நள்ளிரவு பிப்ரவரி 19. கணக்கிட்டால் 45 நாள். அந்த 45 நாளுக்குள் யோசித்து, வரைந்து, அறுத்து, துளையிட்டு, பொருத்தி, மின்கம்பி இழுத்து, நிரல் எழுதி, ஓட்டிப் பழகவேண்டிய பிள்ளைகள், இடையிலே ஒரு வாரத்தை எடுத்துத் தங்கள் பாகங்களையெல்லாம் ஊர்க்கோடியிலுள்ள ஒரு ரசாயனப் பட்டறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எதற்காக என்று யாரும் வியப்புறுவது நியாயமே.

அழகுக்காக என்று சிலர் சொல்லக்கூடும். அழகும் ஒரு காரணந்தான். குழுவின் நீலமோ சிவப்போ ரோபோவின் உடம்பிலேயே ஏறியிருப்பதில் அப்பிள்ளைகளுக்குள்ள பெருமையைக் குறைவாக மதிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் காரணம் அதோடு முடிவதில்லை. ரோபோவின் சட்டமும் தகடுகளும் பெரும்பாலும் அலுமினியக் கலவைகள். 2019இல் பாட்டரியும் பம்பரும் நீங்கலாக 125 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 57 கிலோகிராம், என்று எடைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்ததால், இரும்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கனமுள்ள இவ்வுலோகத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆட்டம் நடப்பது கூரையின் கீழ், கம்பளம் விரித்த களத்தில். அங்கே மழையுமில்லை, உப்புக்காற்றுமில்லை. துருவுக்கும் அரிப்புக்கும் அஞ்சவேண்டிய அவசியம் அதிகமில்லை. அலுமினியத்தின் உண்மையான பலவீனம் வேறொன்று. அலுமினியத்தின் மேல் அலுமினியம் உராய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக் கடித்துக்கொள்ளும். மிருதுவான அந்த உலோகம் பெயர்ந்து ஒட்டி, வழவழப்பாக நகரவேண்டிய தண்டும் குழாயும் கரகரத்துச் சிக்கிவிடும். ஏணிபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து உயரும் தூக்கியும், அலுமினியப் பற்சக்கரமும் ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், அவற்றின் மேற்பரப்பு உள்ளுடம்பைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும். தவிர, மூடப்படாத அலுமினியத்தைத் தொட்டுத் தொட்டு வேலைசெய்கிறவர்களின் கையிலும் சட்டையிலும் ஏறும் கரிய அழுக்கை, பட்டறை நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்பாதுகாப்பை அளிக்கும் முறைகளுள் பிரதானமானது ஆனோடைஸிங் எனப்படுவது. ஈயப்பூச்சோடு இதை ஒப்பிட்டுத் தொடங்கினேனேயாயினும், இரண்டுக்கும் ஸ்வபாவத்தில் பெரிய வேற்றுமை உண்டு. பித்தளையின் மேல் ஈயம் வேறோர் உலோகமாக வந்து அமர்கிறது. முலாம் என்று நாம் சொல்வதெல்லாம் அவ்வகையே. ஆனோடைஸிங்கிலோ வெளியிலிருந்து எந்த உலோகமும் வருவதில்லை. அலுமினியம் தன் உடம்பிலிருந்தே தனக்கு ஒரு தோலை வளர்த்துக்கொள்கிறது. இயற்கையிலேயே அதற்கு இந்தக் குணம் உண்டு. காற்றுப்பட்ட மாத்திரத்தில் அலுமினியம் பிராணவாயுவோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள ஆக்ஸைடுப் படலத்தால் தன்னை மூடிக்கொள்கிறது. நம் சமையலறை அலுமினியப் பாத்திரங்கள் காற்றிலேயே கரைந்து போகாமல் இருப்பது இப்படலத்தின் தயவால்தான். இயற்கை போர்த்திய இந்த மெல்லிய போர்வையை ஆயிரக்கணக்கான மடங்கு கனமுள்ளதாக்குவதே மனிதன் செய்த உபாயம். பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1923இல், கடலில் இறங்கி மிதக்கும் விமானங்களின் டூராலுமின் என்னும் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீரிலிருந்து காப்பதற்காக, குரோமிக் அமிலத் தொட்டியில் இதைச் செய்துகாட்டினார்கள். நான்கு ஆண்டுகளுக்குப்பின் கந்தக அமிலத்தைக் கொண்டு செய்யும் முறை வந்தது. இன்று பட்டறைகளில் பெரும்பாலும் வழங்குவது இதுவே.

தொட்டியில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்போம். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்குவரை கந்தக அமிலம் கலந்த நீர், ஏறக்குறைய இருபது டிகிரி உஷ்ணத்தில் நிற்கிறது. ரோபோவின் பாகங்களை ஒரு சட்டத்தில் இறுகப் பூட்டி அதில் இறக்கி, மின்சாரத்தின் நேர்முனையோடு இணைக்கிறார்கள். பன்னிரண்டு முதல் இருபது வோல்ட்வரை அழுத்தம் கொடுக்கிறார்கள். நீர் பிளவுபட்டு, எதிர்முனையில் ஜலவாயு குமிழியிட்டு வெளியேற, நேர்முனையாகிய பாகத்தின் பரப்பில் பிராணவாயு அலுமினியத்தோடு கூடி ஆக்ஸைடாகிறது. அந்த ஆக்ஸைடு ஒரே பாளமாகப் படியுமானால், மின்சாரத்தைக் கடத்தாத பொருளாதலால், சிறிது வளர்ந்தவுடன் தன் வளர்ச்சியைத் தானே தடுத்துக்கொண்டு நின்றுவிடும். அமிலமோ, உண்டாகும் ஆக்ஸைடை இங்குமங்கும் கரைத்துக்கொண்டே இருக்கிறது. கரைந்த இடங்கள் நுண்துளைகளாகி, அவற்றின் வழியே மின்சாரம் உள்ளே சென்று, அடியிலே புதிய ஆக்ஸைடை உண்டாக்குகிறது. ஆக்கமும் கரைவும் இப்படி ஒருங்கே நடப்பதால் எழும் அமைப்பைக் கெல்லர், ஹன்டர், ராபின்சன் என்ற மூவர் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார்கள்: தேனடைபோல் அறுகோண அறைகள், ஒவ்வோர் அறையின் நடுவிலும் நேராக உள்ளிறங்கும் ஒரு துளை. மனிதன் வகுத்துக் கொடுக்காமலே, அமிலமும் மின்சாரமும் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட இந்த ஒழுங்கை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

துளைகள் இருப்பதனால்தான் நிறமேற்றவும் முடிகிறது. அமிலத்தைக் கழுவியபின் சாயத்தொட்டியில் இறக்கினால், சாயம் பரப்பின்மேல் ஒட்டாமல் துளைகளுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. பிறகு கொதிநிலையை நெருங்கிய தூய நீரில் வைத்தால், ஆக்ஸைடு நீரோடு கூடிப் பருத்துத் துளைகளின் வாயை அடைத்துக்கொள்கிறது. உள்ளே சென்ற நிறம் உள்ளேயே சிறைப்படுகிறது. கடைசியாகச் சொன்ன இந்த முத்திரையிடுதலுக்கு மைக்ரான் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். சாதாரணமாக வேண்டப்படும் 12 மைக்ரான் படலத்துக்கு, சதுர டெசிமீட்டருக்கு 1.3 ஆம்பியர் வீதம் மின்சாரம் செலுத்தினால், அமிலத்தொட்டியில் அரைமணி நேரத்துக்குள் வேலை முடியும். எண்ணெய் போக்குதல், காரத்தில் அரித்தல், கழுவுதல், சாயம், முத்திரை எல்லாம் சேர்ந்தாலும் ஒருநாள் முற்பகலைத் தாண்டாது.

அப்படியிருக்க, பட்டறைக்காரர் ஒரு வாரம் கேட்பது ஏன்? இங்கேதான் அந்த ஈயம் பூசுகிறவரின் வாசலுக்குத் திரும்புகிறோம். தொட்டியில் கழியும் நேரம் சில மணி. மிகுந்த நாளெல்லாம் வரிசையில் கழிகிறது. ஒரே தொட்டியில் ஒரே வகைக் கலவையைத்தான் ஒரே தடவையில் இறக்கலாம். 6061 என்னும் கலவையும் 7075 என்னும் கலவையும் மின்சாரத்தை வெவ்வேறு விதமாக ஏற்பதோடு, ஒரே சாயத்தில் வெவ்வேறு சாயலும் காட்டும். நீலச் சாயத்தொட்டி நாள்தோறும் ஓடவேண்டுமென்பதில்லை. நீலம் கேட்கும் வேலைகள் ஒரு சுமை சேரும்வரை வைத்திருப்பார்கள். மாதம் முழுவதும் பாகங்கள் அனுப்பும் விமானத் தொழிற்சாலைகளும் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளும் முன்னே நிற்க, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியோடு வரும் பள்ளிக்குழு, அதுவும் பல வேளைகளில் கூலியில்லாமல் தர்மமாகச் செய்துகொடுக்கும்படி கேட்கும் குழு, பின்னே நிற்பதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. இவ்வித வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் ஒரு விதியைக் கணித முறையில் நிரூபித்தார்: வரிசையில் சராசரியாக நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, நாளொன்றுக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். நாளுக்கு இருபது சட்டங்கள் இறக்கும் பட்டறையில் நூறு சட்டங்கள் காத்திருந்தால் ஐந்து நாள், அவ்வளவுதான். தொட்டியை எவ்வளவு கெஞ்சினாலும் இந்த ஐந்து நாள் குறையாது. வரிசையில் முன்னதாகவே இடம் கேட்டு வைத்தால் மாத்திரமே குறையும்.

ஆகவே, தேர்ந்த குழுக்கள் ஆட்டம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, டிசம்பரிலேயே, பட்டறையோடு பேசி நாள் குறித்துக்கொள்கின்றன. என்ன பாகம் என்று தெரியாது. எத்தனை என்று தெரியாது. ஆனால் இன்ன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வரும் என்பது மாத்திரம் உறுதி. அந்த உறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது 45 நாளின் உண்மையான அளவு தெரியவரும். 2019ஆம் ஆண்டின் நாட்களையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஓட்டிப் பழகவும் நிரல் சரிபார்க்கவும் பத்து நாள் வேண்டுமென்றால் ரோபோ பிப்ரவரி 9இல் நிமிர்ந்து நிற்க வேண்டும். பொருத்துவதற்கு நான்கு நாள் என்றால் பாகங்கள் பிப்ரவரி 5இல் திரும்பிவர வேண்டும். பட்டறைக்கு ஒரு வாரம். ஆகவே ஜனவரி 29இல் ஒப்படைக்க வேண்டும். பிசிறு நீக்கித் துடைத்து எண்ணிக் கட்ட இரண்டு நாள். ஆகவே 27ஆம் தேதிக்குள் அறுப்பும் துளைப்பும் முடிய வேண்டும். அறுப்புக்கு எட்டு நாள் என்றால் வரைபடங்கள் 19ஆம் தேதி முடிய வேண்டும். ஆட்டம் அறிவித்தது 5ஆம் தேதி. சிந்திப்பதற்கும் வரைவதற்கும் எஞ்சியிருப்பது பதினான்கு நாள்! 45 நாள் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்த பிள்ளைகள், கையிலிருப்பது பதினான்கே என்று கண்டுகொள்ளும் அந்த மாலைப்பொழுதை, அவர்கள் கல்வியின் மிக முக்கியமான மாலைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். பெரிய தொழிற்சாலைகளுக்கென்று கெல்லி, வாக்கர் என்ற இருவர் 1957 முதல் டூபான்ட் நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘நெருக்கடிப் பாதை’க் கணக்கின் சாரமும் இதுவே: எந்தச் சங்கிலியில் ஒருநாள் தவறினால் முடிவும் ஒருநாள் தவறுமோ, அதைக் கண்டுபிடித்து அதன்மேல் கண்ணை வை என்பது.

ஒருவர் கேட்கலாம்: எல்லாப் பாகங்களும் ஒரே பெட்டியில் போகவேண்டுமா? வேண்டாம், போகவும் கூடாது. கீழ்ச்சட்டம், சக்கரங்களைத் தாங்கும் தகடுகள், பற்சக்கரப் பெட்டியின் பக்கங்கள் ஆகியவை ஆட்டம் எதுவாயினும் அதிகம் மாறுவதில்லை. அவற்றின் வடிவத்தை இரண்டாம் வாரத்திலேயே உறுதிசெய்துவிடலாம். பந்தைப் பற்றும் கை, வீசும் பொறி, தூக்கும் கொக்கி ஆகியவையோ கடைசி இரவுவரை திருத்தப்படும். ஆனோடைஸ் செய்த தகட்டில் மறுபடி ஒரு துளை போட்டால் அந்த இடத்தில் வெள்ளி நிறத்தில் உள்ளுலோகம் தெரியும். தேய்த்தோ பூசியோ அதை மறைக்க வழியில்லை. ஆகையால் எதைப் பட்டறைக்கு அனுப்புகிறோமோ, அதைப் பற்றி ‘இனி மாற்றமாட்டோம்’ என்று சத்தியம் செய்கிறோம் என்பதே பொருள். இன்னும் சத்தியம் செய்யத் துணியாத பாகங்களை மெருகில்லாமலே பொருத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். நிறத்துக்காக ஒரு கையின் திருத்தத்தை நிறுத்திவைத்த குழு, நிறமுள்ள தோல்வியை அடைவதைத் தவிர வேறு என்ன அடைய முடியும்?

நாள் குறிப்பதோடு சேர்ந்து வரைபடத்திலேயே முன்கூட்டி எண்ணவேண்டிய சூட்சுமங்களும் உண்டு. ஆனோடைஸ் படலம் பரப்புக்கு மேலும் கீழுமாக வளர்கிறது. சாதாரண வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியே தள்ளி நிற்கும். 12 மைக்ரானில் 4 மைக்ரான் வெளியே. பேரிங்கு அமரும் துளையின் இரு பக்கமும் இப்படி வளர்வதால் துளையின் விட்டம் 8 மைக்ரான் சுருங்கும். தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்று அலட்சியம் செய்யலாகாது. பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதற்கென்று விடும் இடைவெளியே இந்த அளவைச் சேர்ந்தது. 50 மைக்ரான் கனமுள்ள கடின ஆனோடைஸிங்கிலோ பாதியும் வெளியே வளரும்; விட்டம் 50 மைக்ரான் சுருங்கி, பேரிங்கு உள்ளே நுழையவே நுழையாது. திருகின் மரையில் பக்கங்கள் சாய்ந்திருப்பதால் பாதிப்பு இன்னும் பெருகி, வெளிவளர்ச்சியைப் போல நான்கு மடங்காகும். துளையைச் சிறிது பெரிதாக வரைவது ஒரு வழி. ரப்பர் அடைப்பான் இட்டு அமிலம் புகாமல் காப்பது மற்றொரு வழி. அடைக்கவேண்டிய துளைகளை வரைபடத்தில் குறித்து, அச்சிட்ட தாளைப் பெட்டியோடு வைக்கவேண்டும். குறிக்காத துளையைப் பட்டறைக்காரர் ஊகித்து அடைப்பார் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

அதேபோல், பாகத்தில் எஃகு எதுவும் ஒட்டியிருக்கலாகாது. அழுத்திச் செருகிய பேரிங்கோ எஃகுத் திருகோ தொட்டிக்குள் போனால், தனக்குக் காப்புத்தோல் வளர்த்துக்கொள்ளத் தெரியாத அந்த உலோகம் மின்சாரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு அமிலத்தில் கரைந்துபோகும். ரிவெட்டு அடித்துச் சேர்த்த இரு தகடுகளின் இடுக்கில் அமிலம் தங்கி, கழுவியும் போகாமல், பிறகு கசிந்து நிறத்தை அழிக்கும். ஆகவே மெருகு முதலில், ரிவெட்டு பின்னால். வாய் மூடிய குழாய்களுக்கு நீர் வடியத் துளை வேண்டும். வெல்டிங் செய்த சட்டமானால், சிலிக்கன் மிகுந்த 4043 கம்பியால் ஒட்டிய தையல் தொட்டியிலிருந்து கருஞ்சாம்பல் கோடாக வெளிவரும். மக்னீஷியம் கலந்த 5356 கம்பியானால் சுற்றுப்புறத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். இந்தக் கம்பியைத் தேர்ந்தெடுக்கும் நாள், பட்டறைக்கு அனுப்பும் நாளுக்கு ஒரு வாரம் முந்தியது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பவுடர் கோட்டிங் என்ற மற்றொரு முறையும் வழக்கில் இருக்கிறது. மின்னூட்டிய பிளாஸ்டிக் தூளை உலோகத்தின்மேல் தூவி, ஏறக்குறைய 200 டிகிரி உஷ்ணமுள்ள அடுப்பில் உருக்கி இறுக்குவார்கள். வெல்டிங் தையலையும் கீறலையும் அது மூடிவிடும். கலவையின் பேதமும் தெரியாது. ஆனால் கனம் 60 முதல் 100 மைக்ரான். சதுர மீட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் எடை கூடும். ஆனோடைஸிங்கில் எடை மாற்றம் கணக்கில் எடுக்கத் தக்கதன்று. எடைத்தட்டில் சில பவுண்டுகளுக்காகத் தகடுகளில் ஜன்னல் ஜன்னலாகத் துளையிட்டுக் குறைத்த குழுவுக்கு இந்த வேற்றுமை சிறிதன்று.

ரோபோவைப் பையிலிட்டு மூடும் விதி 2020ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் தான் கலந்துகொள்ளும் முதற் போட்டியின் நாளே எல்லை. அவகாசம் கூடியது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் பட்டறையின் வரிசை எந்த விதியாலும் நீங்கவில்லை. எல்லை தள்ளிப்போனதால் தாங்கள் அனுப்பும் பெட்டியையும் தள்ளிப்போட்டவர்கள் பழைய அவசரத்தையே புதிய தேதியில் அனுபவிக்கிறார்கள்.

போட்டிக் களத்தில் இறங்கியிருக்கும் ஒரு ரோபோவை அருகில் நின்று பார்க்க வாய்த்தால், அதன் நாட்குறிப்பை அதன் உடம்பிலேயே படிக்கலாம். நீலம் ஏறிய கீழ்ச்சட்டமும் தகடுகளும் ஜனவரி முடிவதற்குள் உறுதியானவை. அவற்றின் ஓரத்தில் நெல்முனையளவு வெள்ளைப் புள்ளிகள் இரண்டு தெரிந்தால், அவை தொட்டியில் சட்டம் பிடித்திருந்த இடங்கள். மின்சாரம் உள்ளே புகுந்த வாயில்கள். மேலே வெள்ளியாக நிற்கும் கை பிப்ரவரியில் பிறந்தது. நீலத் தகட்டின் நடுவே, கூர்மையான விளிம்போடு வெள்ளையாகத் தெரியும் ஒரு துளை மட்டும் நேற்று இரவு போட்டது: போட்டியிடத்திலேயே, யாரோ ஒரு பெண்பிள்ளை கைத்துளைப்பானை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மோட்டாரை அரை அங்குலம் நகர்த்துவதற்காகப் போட்டிருப்பாள். துளைப்பான் வெளியே வந்த கணத்திலேயே, அந்தத் துளையின் சுவரில் காற்று தன் பங்கு மெல்லிய படலத்தைப் போர்த்தி முடித்திருக்கும்.